கைகாட்டி தெரியும் தூரம்

வீட்டுக்கு வந்தவர்களை அவர் உட்காரச் சொன்னதில்லை. குனியச் சொல்வார்.

"குனியுங்கோ. இன்னும் கொஞ்சம். தாடை பலகையிலே படணும். ஒரு கண்ணை மூடிக்கோங்கோ. இப்பச் சொல்லுங்கோ, என்ன தெரியறது?"

மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே இரண்டு தெரு தள்ளி அவருக்கு வாடகை வீடு. மாடியில் நீளமாக ஒரே கூடம். அந்தக் கூடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு இருபது அடி நீளத்துக்கு ஒரு பலகை, அதன் மேல் ஒரு ரயில் நிலையம். பிளாட்பாரம், தண்ணீர்த் தொட்டி, சரக்குக் கொட்டகை, வளைந்து வரும் தண்டவாளம், வளைவு முடியும் இடத்தில் கைகாட்டி மரம். ஓரடிக்கு அரைக்கால் அங்குலம் என்று கணக்கு. தண்டவாளம் வீணைக் கம்பி. அதன் கீழே குறுக்குக் கட்டைகள் தீக்குச்சி. சரக்கு வண்டிகள் பிஸ்கெட் டின்னை வெட்டிச் செய்தவை. எல்லாம் அவர் கையால் ஆனது.

இதில் ரயில் ஓடாது. ஓடும் என்று நம்பி வந்த அண்டை வீட்டார் அனைவரும் ஏமாந்து போனார்கள். எதிர் வீட்டு வக்கீல் சீமையிலிருந்து வரவழைத்த சாவி கொடுக்கும் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து, "இதை ஓட விடும், ஓய்" என்றார். இவர் அடிக்குச்சியை வைத்து அதை நாலு பக்கமும் அளந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த ஜாதி எஞ்சின் அந்த லைன்லே வராது."

"பொம்மைதானே?"

"பொம்மைன்னா? வராத எஞ்சின் வந்துடுமா?"

வக்கீல் அதற்கப்புறம் மாடி ஏறவில்லை. என்னிடம் மட்டும், "உங்க சிநேகிதருக்கு நட்டு ஒண்ணு கழண்டிருக்கு, கவனியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். நாங்கள் இருவரும் ஒரே ரயில்வே கம்பெனியின் தலைமை ஆபீஸில் வேலை பார்த்தோம். தண்டனைக் காகிதங்கள் நடமாடும் பிரிவில் நான் தலைமை குமாஸ்தா. எந்த விண்ணப்பம் எந்த மேஜைக்குப் போகும், எந்த மேஜையில் எத்தனை நாள் உறங்கும், எந்த விதியைக் காட்டி அதை அடக்கம் செய்யலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் வரைபடப் பிரிவில் இருந்தார். அதற்கு முன்னால் தெற்கே ஒரு சின்ன ஊரில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர் அதே பெயரில் இன்னும் இருக்கிறது. மாடியில் அவர் கட்டி வைத்திருந்தது அந்த ஸ்டேஷனைத்தான்.

அங்கே இல்லாத எதையும் இங்கே வைக்கமாட்டார். இருந்த எதையும் விடமாட்டார். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. தண்ணீர்த் தொட்டியின் ஏணிக்குப் பதினோரு படியா பன்னிரண்டா என்று ஒரு மாதம் தவித்தார். எனக்கு இதில் ஒரு படி குறைந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது என்று தோன்றியது, சொல்லவும் சொன்னேன். அவர் இரண்டு நாள் லீவு போட்டு, பாஸ் வாங்கி, அந்த ஊருக்கே போய்த் திரும்பினார். மறுநாள் ஆபீஸ் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பதிமூணு, ஓய்."

இரண்டு வருஷம் அந்தத் தொட்டியின் அடியில் நின்று குடும்பம் நடத்தியவர். தன் ஞாபகம் இரண்டு விதத்திலும் தப்பு என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கலவரம் இருந்தது. அது ஏணியைப் பற்றிய கலவரம் அல்ல என்று எனக்குப் புரியச் சில வருஷம் ஆயிற்று.

கட்டுவதில் பாதி வேலை, படம் எடுப்பதில் பாதி. துருத்தி வைத்த பெரிய கேமரா ஒன்றைப் பழசாக வாங்கி வைத்திருந்தார். கண்ணாடித் தகட்டில் படம் விழும் ஜாதி. அவ்வளவு பெரிய பெட்டியை அரைச் சாண் அகலத் தண்டவாளப் பள்ளத்தில் இறக்க முடியாதல்லவா? அதற்கு அவர் ஒரு வழி கண்டிருந்தார். சவரக் கண்ணாடியை உடைத்து, கட்டைவிரல் நக அளவுத் துண்டு ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் சாய்வாக நிறுத்துவார். தண்டவாளத்துக்கு மேல் அதன் உயரம் சரியாக ஒன்றே அரைக்கால் அங்குலம். எஞ்சினில் நிற்கும் டிரைவரின் கண் ஒன்பதடி உயரத்தில் இருக்கும், அதற்கு இது கணக்கு. கேமரா மேலே நின்றுகொண்டு அந்தத் துண்டுக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கும். கண்ணாடி இடத்தை வலமாகக் காட்டும் என்பதால் தகட்டைத் திருப்பி வைத்து அச்சிடுவார். ஜன்னல் வெயில் பலகையில் விழும் காலை ஒரு மணி நேரம்தான் வேலை. மேகம் வந்தால் அன்றைக்கு இல்லை.

எத்தனையோ படங்கள். எல்லாவற்றிலும் ஒரே காட்சி. வளைந்து போகும் தண்டவாளம், அதன் இருபுறமும் நாலடி மேடு, தூரத்தில் வெள்ளைக் கைகாட்டி மரம், அதன் நீட்டிய கை. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் எழுதி வைப்பார்: நானூறு கஜத்தில் தெரிகிறது. முந்நூற்றைம்பதில் தெரிகிறது. முந்நூறில் தெரிகிறது. தெரிகிறதைத் தெரிகிறது என்று நூறு தடவை எழுதும் மனிதரை அதுவரை நான் தாலுக்கா கச்சேரிகளில்தான் பார்த்திருந்தேன்.

காரணம் இது.

அவர் அந்த ஊரில் இருந்தபோது, ஒரு கார்த்திகை மாதக் காலையில், ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டியின் பின்னால் இன்னொரு சரக்கு வண்டி வந்து மோதியது. கைகாட்டி 'நில்' என்றுதான் இருந்தது. அதைத் தாண்டி வந்துவிட்டார் டிரைவர். அவர் பிழைத்தார், தலையில் அடி. எஞ்சினில் கரி போட்டுக்கொண்டிருந்தவன் செத்துப் போனான். அவன் டிரைவருடைய மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்து, தன்னோடு கூட்டிக்கொண்டு வந்தவர் டிரைவர்தான்.

விசாரணை பத்தாம் நாள், பக்கத்து ஜங்ஷனில், துரைமார்களின் தனிப் பெட்டிக்குள் நடந்தது. வெளியே அடைமழை. ஒருவரும் இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கவும் அவசியமில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைகாட்டி எத்தனை கஜத்திலிருந்து டிரைவர் கண்ணுக்குத் தெரிகிறது என்று வருஷம் ஒருமுறை அளந்து எழுதும் பதிவேடு ஒன்று உண்டு. நம்மவர் அதைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். நானூறு கஜம், தடையில்லை. அவர் கையெழுத்து. டிரைவருக்கு அந்தத் தடத்தில் அது மூன்றாவது நடைதான். கட்டுப் போட்ட தலையோடு நின்றுகொண்டு, "கைகாட்டி அங்க இல்ல தொரை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். இருபத்துநாலடிக் கம்பம் அங்கே இல்லையா என்று பெட்டிக்குள் சிரிப்பு. டிரைவர் தூங்கிவிட்டார் என்று தீர்ப்பு. டிஸ்மிஸ். தை மாதத்தில் ஒரு துரை டிராலியில் போய்ப் பார்த்தார், நானூறு கஜத்தில் கைகாட்டி பளிச்சென்று தெரிந்தது. கோப்பு மூடப்பட்டது. சாட்சியம் சுத்தமாக இருந்ததென்று நம்மவருக்குப் பாராட்டு. மறுவருஷம் சென்னைக்கு மாற்றல். தலைமை ஆபீஸ், மயிலாப்பூரில் வீடு, வாசலில் காய்கறி.

"இல்லாத ஒண்ணை இருக்குன்னு சொல்றவன் பொய் சொல்றான்" என்றார் என்னிடம். "இருபத்துநாலடி மரம் இருந்துது. அதை இல்லைன்னு சொல்லி ஒருத்தன் எதுக்கு ஓய் பொய் சொல்லணும்? தப்பிச்சுக்கறதுக்கு அதைவிட நல்ல பொய் ஆயிரம் இருக்கே."

இந்த ஒரு கேள்விக்காகத்தான் ஏழு வருஷம் பலகை மேல் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட விதம் வேறு கோப்பில் சேர வேண்டியது. அந்த அம்மாளுக்கு நவராத்திரிதான் தாளமுடியாது. மயிலாப்பூரில் கொலு வைக்கும் வீடுகளில் படிக்கட்டுக்குக் கீழே மணலைக் கொட்டி, கேழ்வரகு விதைத்து, முளைத்த பச்சைக்கு நடுவே மலை, குளம், பார்க் என்று ஜோடிப்பார்கள். இவர் வீட்டு மாடியில் உலகத்தில் யாரிடமும் இல்லாத ஒரு ரயில் ஸ்டேஷன் இருக்கிறது, அதைக் கொலுவுக்குத் தொட விடமாட்டார்.

"ஒரு கோபுரம் வெச்சா என்ன? ஸ்டேஷன் பக்கத்துலே கோவில் இருக்கப்படாதா?"

"இல்லையே."

"ஒரு பசுமாடாவது?"

"எந்த மாடு?"

"எந்த மாடா! ஊர்லே இல்லாத மாடு!"

"அதான் வைக்கப்படாதுங்கறேன்."

அந்த வருஷம் நவராத்திரிக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக அவர் எட்டு நாள் வெளியூர் போகவேண்டி வந்தது. அந்த அம்மாள் காரியத்தை முடித்துவிட்டாள். கோபுரமும் மாடும் வைத்தால் கண்ணில் படும், பிடுங்கிப் போட்டுவிடுவார். பச்சையாகப் புல் முளைத்திருந்தால் மண் இருக்கிற இடத்தில் புல் முளைப்பது வழக்கம்தானே என்று விட்டுவிடுவார் என்பது அவள் கணக்கு. வளைவின் உள்பக்க மேட்டில்தான் மண் உதிரியாக இருந்தது. அங்கே கேழ்வரகைத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்தாள்.

அவர் திரும்பி வந்து மாடி ஏறிப் பார்த்தார். கீழே அவள் திட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். திட்டு வரவில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பலகையில் எது மாறினாலும் அதை அகற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைப்பார். ஆபீஸ் புத்தி. முளையைப் பிடுங்குவதற்கு முன் கண்ணாடித் துண்டை நிறுத்தி, ஒரு தகட்டை வீணாக்கினார். சாமான் அறையைச் சாத்திக்கொண்டு, சிவப்பு விளக்கில் அதைக் கழுவினார்.

படத்தில் கைகாட்டி இல்லை.

முதலில் தகடு பழுது என்று நினைத்தாராம். இன்னொன்று எடுத்தார். இல்லை. அடிக்குச்சியை எடுத்துக்கொண்டு போய் முளையை அளந்தார். ஒன்றேகால் அங்குலம். ஓரடிக்கு அரைக்கால் அங்குலமென்றால் பத்தடி. நாலடி மேட்டின் மேல் பத்தடி. மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார்.

"எட்டு நாளுக்கு இவ்வளவு வளருமா?"

"கேழ்வரகுன்னா வளரும். பிடுங்கிடறேன், கோவிச்சுக்காதீங்கோ."

"பிடுங்காதே!" என்று அவர் போட்ட சத்தம் எதிர் வீட்டு வக்கீலுக்கே கேட்டிருக்கிறது.

அந்த ஊரில் அந்த மேட்டில் ஆவணியில் சோளம் விதைப்பார்கள். கார்த்திகையில் அது பத்தடி நின்று கதிர் விட்டிருக்கும். தையில் அறுத்துவிடுவார்கள். கைகாட்டிப் பதிவேட்டை எல்லா ஸ்டேஷன்களையும் போல அவரும் வருஷாவருஷம் சித்திரையில் எழுதினார். மழையில்லாத மாதம், நடந்து அளக்கச் சௌகரியம். சித்திரையில் அங்கே காய்ந்த தரை. ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தச் சோளம் தினமும் கண்ணில் படும் பச்சை, அவ்வளவுதான். அதன் மறுபக்கத்திலிருந்து, பள்ளத்தில் வரும் எஞ்சினிலிருந்து, அவர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஏணிப்படியை எண்ண லீவு போட்டுப் போனவர் அளவெடுக்கப் போனதெல்லாம் அறுவடைக்குப் பிறகான மாதங்களில்தான்.

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்து படத்தை நீட்டினார். நான் குனியாமலே பார்த்தேன். சுவர் மாதிரி முளை நின்றது. அதற்கப்பால் வெறும் வானம்.

"அவன் சொன்னது நிஜம், ஓய். அங்க கைகாட்டி இல்லை."

டிரைவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். உருது பேசும் குடும்பம், தலைமுறை தலைமுறையாகத் தகர வேலை. வேலை போனபின் அண்ணன் கடையில் லாந்தருக்கு ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். நம்மவர் போய் அழைத்தபோது எதற்கு என்று கேட்கவில்லையாம். விசாரணை என்றால் போய் நிற்க வேண்டும் என்று பழகிவிட்ட மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மயிலாப்பூருக்கு வந்தார். மாடிக்கு வெளிப்பக்கமாகவே ஒரு படி இருந்தது எல்லோருக்கும் சௌகரியமாகப் போயிற்று. காபியும் வந்தது. எந்தத் தம்ளரில் என்று நான் எழுதப்போவதில்லை.

"குனியுங்கோ, டிரைவர்" என்றார் நம்மவர்.

டிரைவர் பலகையைப் பார்த்ததும் ஸ்டேஷனை அடையாளம் கண்டுகொண்டார். தொப்பியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு குனிந்தார். தாடையைப் பலகையில் பதித்து, ஒரு கண்ணை மூடி, அந்த வளைவோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். வலது கை தானாக எழுந்து, இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

"தெரியல... தெரியல... இப்பவும் தெரியல, மாஸ்டர் சார்... தோ! தோ வந்திச்சி!"

அவர் கண்ணுக்கும் நின்றுகொண்டிருந்த தகர வண்டிக்கும் நடுவே அப்போது ஒரு முழம் இல்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் தூங்கல சார்."

"இல்லை. தூங்கலை."

"எட்டு வருசமா தூங்கிட்டேன்னே நெனச்சிகினு கீறேன். தொரைங்க அத்தினி பேரும் சொல்றாங்க, புக்குல எழுதிகீது. நமக்குத்தான் மண்டைல அடி, நெனப்பு தப்பிப் போச்சின்னு... எம் பொண்டாட்டி எட்டு வருசமா எம் பக்கத்துல வந்து குந்தினதில்ல சார். சோறு வெப்பா. வெச்சிட்டுப் போய்டுவா. அவ தம்பிய நான் தூங்கிக் கொன்னுட்டேன்."

நம்மவர் படத்தின் ஒரு பிரதியைக் கொடுத்தார். டிரைவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்து அவரே ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"நம்பல சார். பொம்மையக் கட்டி போட்டோ புடிச்சிக் குடுத்தா நம்பிடணுமான்னு கேக்குறா. உன்னிய கம்பெனிதானே தூங்கிட்டேன்னு சொல்லிச்சி, கம்பெனியே இல்லன்னு சொல்லட்டுங்கிறா."

அந்தப் பெண்பிள்ளை சொன்னது நியாயம். நானும் அதே நிலையில் அதையேதான் கேட்டிருப்பேன். கம்பெனி சொல்ல வைப்பது எப்படி என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம். தண்டனை பெற்றவர் மூன்று மாதத்துக்குள் தம் மேலதிகாரி மூலம் மனுச் செய்துகொள்ள வேண்டும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு மேலதிகாரி கிடையாது. மூன்று மாதம் என்பது எட்டு வருஷத்துக்கு முன் முடிந்துவிட்டது. இதை நான் நம்மவரிடம் வரிசையாக எடுத்துச் சொன்னேன்.

"சரி. அவன் பேர்லே வேண்டாம். என் பேர்லே எழுதறேன்" என்றார்.

நாலு பக்கம் எழுதினார். சித்திரையில் அளந்ததைக் கார்த்திகைக்குச் சாட்சியாக வைத்தது தம் தவறு, அதனால் ஒருவர் வேலை போயிற்று, விசாரணையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். மூன்று படங்கள் இணைப்பு. அந்த விண்ணப்பம் எங்கெங்கோ சுற்றி, வர வேண்டிய இடத்துக்கு, என் மேஜைக்கு, வந்து சேர்ந்தது.

அது மேலே போனால் முதலில் குற்றச்சாட்டு வருவது அவர் மேல்தான். பொய்ச் சாட்சி, கடமை தவறுதல், இரண்டுக்கும் தனித்தனி விதி உண்டு. அவரைக் காப்பாற்றினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே போனால் அங்கிருந்து எட்டுக் கேள்வி வரும், எட்டுக்கும் நான்தான் பதில் எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. நான் எழுதியது இது: மனுதாரர் பாதிக்கப்பட்டவர் அல்லர், காலவரம்பு கடந்துவிட்டது, இணைத்துள்ள படங்கள் ஒரு விளையாட்டுப் பொருளுடையவை என்பதால் சாட்சியமாகா, மேல் நடவடிக்கை தேவையில்லை. துரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். என் வரைவுகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் துரையை நான் பார்த்ததில்லை. அப்படி எழுதுவேன்.

பதில் அவருக்குப் போய்ச் சேர்ந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஆங்கில நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"நன்னா எழுதியிருக்கீர். ஒரு பிழை இல்லை" என்றார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "என் பதிவேட்டிலேயும் பிழை கிடையாது, ஓய்."

அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆபீஸ் விட்டதும் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனார். வந்துவிட்டதா என்று டிரைவர் கேட்பார். இன்னும் இல்லை என்பார் இவர். நிராகரித்துப் பதில் வந்ததை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "அவன் வந்துதான்னு கேக்கறான். அவன் கேக்கற காகிதம் வரலையே" என்றார். பொய் சொல்லாமல் மறைப்பதற்கு அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

மறுவருஷம் மழைக்காலத்தில் டிரைவர் படுத்துவிட்டார். மார்பில் நீர் கட்டிக்கொண்டது. வைத்தியர் தை தாண்டாது என்றார்.

ஒருநாள் மத்தியானம், டிபன் வேளையில், என் பிரிவில் யாருமில்லாத நேரம் பார்த்து வந்தார் நம்மவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கம்பெனி ஒருத்தனைக் குத்தமில்லைன்னு சொன்னா அந்தக் காகிதம் எப்படி ஓய் இருக்கும்?"

"முப்பது வருஷத்திலே நான் ஒண்ணும் பார்த்ததில்லையே."

"உமக்குத் தெரியும். பார்க்காட்டாலும் தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. முகவரி எங்கே தொடங்கும், இடது ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும், முன் உத்தரவை எந்தச் சொல்லால் ரத்து செய்வார்கள், வருத்தம் தெரிவிப்பதென்றால் கம்பெனி அதை எந்த வாக்கியத்தில் ஒளித்து வைக்கும், முத்திரை கையெழுத்தின் எந்தப் பக்கம் விழும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறித்துக்கொண்டார். கையெழுத்தை மட்டும் என்னிடம் கேட்கவில்லை. வரைபடப் பிரிவில் கை பழகியவர். ஓரம் கால் அங்குலம் தப்பியதென்று இரண்டு தடவை கிழித்துவிட்டு மூன்றாவதாக எழுதினார். எஞ்சின் ஜாதி தப்பென்று திருப்பிக் கொடுத்த அந்த மனிதர்.

"அனுப்புகை எண் ஒண்ணு போடணுமே" என்றார் கடைசியில்.

என் கை தானாகக் கோப்பைத் திறந்தது. அவர் மனுவை நிராகரித்து நான் எழுதிய பதிலின் எண்ணைக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தில் உண்மையான ஒன்றாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். கூவத்தின் பாலம் இறங்கி இரண்டு சந்து. எங்களைப் பார்த்ததும் முன்கடையில் தகரம் தட்டும் சத்தம் நின்றது. உள்ளே ஒரே அறை. கயிற்றுக் கட்டிலில் டிரைவர் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். அடுப்பங்கரை வாசலில் தொங்கிய துணிக்குப் பின்னால் ஒரு வளையல் கை தெரிந்தது.

நம்மவர் நின்றுகொண்டே படித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். குரல் விசாரணைக் குரலாக இருந்தது, ஏற்ற இறக்கமில்லாமல்.

துணிக்குப் பின்னாலிருந்து, "இன்னொரு வாட்டி படிக்கச் சொல்லு" என்றது ஒரு பெண்குரல்.

படித்தார்.

"தூங்கலன்னு எழுதிகீதா?"

"எழுதியிருக்கும்மா. தூங்கலை. பயிர் மறைச்சுடுத்து. அவர் மேலே குத்தமில்லை."

"யாரு எழுதினது?"

"பெரிய துரை."

துணி விலகியது. அவள் வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும், நரைத்துவிட்டது. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் முத்திரையை வெகு நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கயிறு அந்தப் பக்கமாகத் தாழ்ந்தது. டிரைவரின் கால் மேலிருந்த கம்பளியை இழுத்துச் சரி செய்தாள். "சொன்னியே, அப்பவே" என்று ஏதோ தொடங்கி, முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

டிரைவர் அவள் முதுகைத் தொட்டார். தொடலாமா என்று தெரியாதவர்போல விரல் நுனியால் தொட்டார். பிறகு தலையைத் திருப்பி நம்மவரைப் பார்த்தார்.

"மாஸ்டர் சார், என் பேரக் காப்பாத்திட்டீங்க. அன்னிக்கு நீங்க சொன்னது தப்புன்னு ஆயிடுச்சே, உங்க வேலைக்கு எதுனா வந்திச்சா? உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

மற்றதையெல்லாம் தடுமாறாமல் படித்தவர், இதற்குப் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். அன்று அந்த அறையில் அவர் சொன்னதில் கலப்பில்லாத உண்மை அது ஒன்றுதான்.

"இல்லை, டிரைவர்" என்றார். "எனக்கு ஒண்ணும் ஆகலை."